பல துறை மாணவர் குழுவில் எப்போது முன்னால் நிற்பது, எப்போது இடம் விடுவது?

#1 மூன்றாம்ஆண்டு (மருத்துவ மாணவி)

வணக்கம். நீளமான பதிவு, பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பல துறை மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நோயாளிக்குத் திட்டம் போடும் பயிற்சி எங்களுக்கு இந்தப் பருவத்தில் உண்டு. குழுவில் ஆறு பேர். நான் மருத்துவம். மற்ற ஐவர் செவிலியம், ஃபார்மசி, பிசியோதெரபி, பேச்சு சிகிச்சை, சமூகப் பணி. எங்களுக்குக் கொடுத்தது உண்மையான நோயாளி, எழுபது வயதைத் தாண்டியவர். பக்கவாதத்தால் வலது பக்கம் பலவீனம், பேச்சிலும் குழறல். அவரவர் தனித்தனியாக வார்டுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வரவேண்டும். அப்புறம் குழுவாகக் கூடி, அவரை வீட்டுக்கு அனுப்புவதற்கான திட்டத்தை நாற்பது நிமிடத்தில் எழுதித் தரவேண்டும்.

உட்கார்ந்ததுமே நான் பேச ஆரம்பித்துவிட்டேன். யாரும் என்னைத் தலைவராக்கவில்லை. வெள்ளைப் பலகை பக்கத்தில் இருந்தது, மார்க்கரை எடுத்தேன். நோய் வரலாறு, இரத்த அழுத்தம், மாத்திரைப் பட்டியல், அடுத்து எப்போது வரவேண்டும் என்று எழுதிக்கொண்டே போனேன். நடுநடுவே "உங்கள் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கவும் செய்தேன். "இல்லை, சரியாகத்தான் இருக்கிறது" என்றார்கள். முப்பது நிமிடத்திலேயே முடிந்துவிட்டது. நல்ல குழு கிடைத்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

திட்டத்தைப் படித்த ஆசிரியர் பேச்சு சிகிச்சை மாணவியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "இவரால் மாத்திரையை விழுங்க முடியுமா?"

"முடியாது. தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. கெட்டியாக்கித்தான் கொடுக்கிறோம்" என்றாள்.

உடனே செவிலிய மாணவர், "ஆமாம், வார்டில் மாத்திரையைப் பொடித்துத்தான் கொடுக்கிறார்கள், பார்த்தேன்" என்றார். ஃபார்மசி மாணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதைப் பொடித்தார்கள்? பட்டியலில் இருக்கும் அழுத்த மாத்திரை மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் வகை. பொடித்தால் நாள் முழுவதற்குமானது ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்." கடைசியாக பிசியோ மாணவர் சொன்னார்: "காலையில் நிற்க வைத்தபோது அழுத்தம் மளமளவென்று இறங்கியது. தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். பக்கவாதத்தால் என்று நினைத்தேன்."

ஆசிரியர் அப்போதே வார்டுக்கு ஃபோன் செய்து மாத்திரையை மாற்றச் சொன்னார். நான் மார்க்கரோடு நின்றுகொண்டிருந்தேன். அரை மணி நேரம் ஒரே மேசையில் இருந்திருக்கிறோம், நான்கு பேரிடமும் ஆளுக்கொரு துண்டு இருந்திருக்கிறது.

என் மதிப்பீட்டுத் தாளில் "சூழலுக்கேற்பத் தன் பங்கை மாற்றிக்கொள்ளப் பழக வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அது சரிதான், ஆனால் எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. பேசாமல் இருப்பதா? மருத்துவ மாணவி தலைமை எடுக்கவே கூடாதா? அடுத்த நோயாளி மூன்று வாரத்தில். இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 இரவுப்பணி (செவிலியம், இறுதியாண்டு)

நடந்ததை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. நானும் நேராகவே சொல்கிறேன்.

"உங்கள் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்பதுதான் எளிதான பதில். பலகையில் பாதிக்கு மேல் நிரம்பிய பிறகு கேட்டால், "நீ எழுதியதில் குறை இருக்கிறதா?" என்றுதான் காதில் விழும். பழகி ஒரு மணி நேரம்கூட ஆகாத ஒருவரிடம் யார் குறை சொல்வார்கள்?

இது புதிதும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் லியோனார்ட் ஸ்டீன் 1967இல் ஒரு கட்டுரை எழுதினார். செவிலியர் தனக்குத் தெரிந்ததை நேராகச் சொல்லாமல், மருத்துவருக்கே அந்த யோசனை தோன்றியதுபோல் நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது, இருவரும் சேர்ந்து ஆடும் ஒரு விளையாட்டு இது என்று அதில் விவரித்தார். 1990இல் அவரே சகாக்களோடு திரும்பி வந்து, செவிலியர்கள் அந்த விளையாட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதினார். வெளியேறியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாணவர் குழுவில் முதல் நாள் உட்காரும்போது பழைய பழக்கம்தான் முதலில் எட்டிப் பார்க்கிறது. மருத்துவ மாணவர் பேசுவார், செவிலிய மாணவர் குறிப்பெடுப்பார். நான் இருந்த மூன்று குழுவிலும் குறிப்பெடுத்தது நான்தான். ஒரு தடவைகூட யாரும் என்னை எடுக்கச் சொல்லவில்லை. கை தானாகப் பேனாவுக்குப் போனது.

அதனால் பங்கை மாற்றிக்கொள்வது உங்கள் ஒருவர் வேலை மட்டும் இல்லை. நீங்கள் மார்க்கரைக் கீழே வைக்கவேண்டும், நாங்கள் பேனாவைக் கீழே வைக்கவேண்டும்.

#3 மாத்திரைப்பெட்டி (ஃபார்மசி, நான்காம் ஆண்டு)

அந்த ஃபார்மசி மாணவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பயமோ கூச்சமோ காரணம் இல்லை. பட்டியலைப் பார்த்தால் மருந்து சரி, அளவு சரி, ஒன்றோடொன்று மோதவில்லை. குறை சொல்ல என்ன இருக்கிறது? விழுங்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் அது தப்பான மாத்திரையாகிறது. அது தெரிந்தவள் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், இந்த மனிதருக்கு என்ன மாத்திரை என்று அவளுக்குத் தெரியாது.

தன்னிடம் இருப்பது முக்கியமான துண்டு என்று நாலு பேருக்குமே தெரிந்திருக்காது. அதனால் "தைரியமாகப் பேசுங்கள்" என்ற அறிவுரை இங்கே பாதிதான் உதவும்.

#4 நடைபழகு (பிசியோதெரபி)

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். படுத்த நிலையிலிருந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 இறங்கினாலோ கீழ் அழுத்தம் 10 இறங்கினாலோ குறித்து வைக்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்குகிறார்கள். குறித்து வைப்போம். அந்த எண் யாருக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

#5 பழையவார்டு (ஆசிரியர், பல துறைப் பயிற்சி)

பல வருடங்களாக இப்படிப்பட்ட குழுக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மாத்திரைப்பெட்டி சொன்னதுதான் இதன் மையம். கரோல்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985இல் இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவில் எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த தகவல் கொஞ்சம், ஒவ்வொருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் கொஞ்சம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். தனித்தனித் துண்டுகளைச் சேர்த்தால்தான் சரியான முடிவு வரும். ஆனால் குழுக்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே பேசின, துண்டுகள் அவரவர் மடியிலேயே தங்கிவிட்டன. அதில் கலந்துகொண்டவர்களுக்குள் மேல் கீழ் என்று எதுவும் இல்லை. அவர்களுக்கே அப்படியென்றால், துறைக்குத் துறை மரியாதை வித்தியாசம் இருக்கும் நம் மேசையில் எப்படி இருக்கும்?

ஆகவே தோழி, உங்கள் குணத்தில் குறை தேடவேண்டாம். நீங்கள் பேசிய வரிசையைப் பாருங்கள். யார் முதலில் பேசுகிறாரோ அவருடைய துறையின் கேள்விதான் குழுவின் கேள்வியாகிவிடுகிறது. நீங்கள் முதலில் பேசியதால் "இவருக்கு என்ன சிகிச்சை?" என்பது கேள்வியானது. பேச்சு சிகிச்சை மாணவி தொடங்கியிருந்தால் "இவர் வாய்வழியாக எதை எடுக்க முடியும்?" என்பது கேள்வியாகியிருக்கும். மாத்திரை விஷயம் ஐந்தாவது நிமிடத்தில் வெளியே வந்திருக்கும்.

என் குழுக்களில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முதல் பத்து நிமிடம் திட்டமே கூடாது. நோயாளியிடம் நான் மட்டும் பார்த்தது என்ன என்பதை ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். கருத்து வேண்டாம், பார்த்ததை மட்டும். குழுவில் அதிகம் பேசுபவர் கடைசியில் பேசவேண்டும். இதைச் சொன்னதும் மாணவர்கள் நேரம் வீணாகிறதே என்று நெளிவார்கள். நாற்பதில் பத்து போனால் பெரிய பங்குதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் பெரும்பாலும் யாராவது ஒருவர் "ஒரு நிமிஷம், நீங்கள் இப்போது என்ன சொன்னீர்கள்?" என்று இன்னொருவரைத் திரும்பிப் பார்ப்பார். நான் காத்திருப்பது அந்த வார்த்தைக்குத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்தக் கல்விக்கு ஒரு விளக்கம் உண்டு: இரண்டோ அதற்கு மேலோ துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்பது. பல இடங்களில் மூன்றாவதை மட்டும் செய்துவிட்டு முடித்துக்கொள்கிறோம். ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டால் ஆயிற்று என்று நினைக்கிறோம். பக்கத்தில் இருப்பவர் என்ன படிக்கிறார், எதைச் செய்ய அவருக்கு அனுமதி, அவர் கண்ணுக்கு மட்டும் தெரிவது என்ன என்று கேட்க நேரம் ஒதுக்குவதே இல்லை. அதில் ஆசிரியர்களாகிய எங்கள் பொறுப்பு பெரியது.

#6 கையொப்பம் (பயிற்சி மருத்துவர்)

நான் மாறுபடுகிறேன்.

எல்லோரும் மாறி மாறித் தலைமை எடுக்கலாம் என்பது வகுப்பறையில் அழகாக இருக்கும். டிஸ்சார்ஜ் தாளில் கடைசியில் கையொப்பம் யாருடையது? நோயாளி வீட்டில் விழுந்தால் முதல் கேள்வி யாரிடம் வரும்? மருத்துவ மாணவி முன்கூட்டியே அந்தப் பொறுப்பை எடுத்துப் பழகுவதில் தப்பு இல்லை. "இடம் விடு" என்று சொல்லிச் சொல்லி, முடிவெடுக்கத் தயங்கும் ஒரு மருத்துவரை உருவாக்கிவிடக் கூடாது. இரவு இரண்டு மணிக்கு வார்டில் ஆறு பேர் வட்டமாக உட்கார முடியாது.

#7 இரவுப்பணி

கையொப்பம் அவர்களே, இரவு இரண்டு மணி என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன்.

2005இல் இங்கிலாந்தில் நடந்தது, மருத்துவக் கல்வியில் பலருக்கும் தெரிந்திருக்கும். மூக்குப் பகுதியில் ஒரு வழக்கமான அறுவைச் சிகிச்சைக்கு வந்த பெண். மயக்கம் கொடுத்ததும் மூச்சுப் பாதை அடைபட்டது. அனுபவம் மிக்க மருத்துவர்கள் குழாய் செருக மறுபடி மறுபடி முயன்றார்கள். ஒரு செவிலியர் கழுத்தில் துளையிட்டு மூச்சு கொடுக்கும் கருவித் தொகுப்பைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொல்லவும் செய்தார். யாரும் அதை எடுக்கவில்லை. இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். மருத்துவர்களின் முகத்தைப் பார்த்தபோது தான் மிகைப்படுத்திவிட்டோமோ என்று தோன்ற, அந்தப் படுக்கையை வேண்டாமென்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் பதின்மூன்று நாள் கழித்து இறந்தார். அவருடைய கணவர் ஒரு விமானி. விமானத்தில் விபத்து நடந்தால் எப்படி ஆராய்வார்களோ அப்படி ஆராயச் சொல்லி அவர் போராடியதால்தான் இவ்வளவும் வெளியே தெரிந்தது.

அந்த அறையில் திறமைக்குக் குறைவில்லை. கையொப்பம் போடுபவர்களும் இருந்தார்கள். "ஒரு அடி பின்னால் போய் நேரத்தைப் பார்" என்று சொல்ல ஒருவர் தேவைப்பட்டார், அந்தப் பங்கை எடுத்தவரின் குரல் போய்ச் சேரவில்லை.

பொறுப்பு உங்களுடையது என்பதை நான் மறுக்கவில்லை. பொறுப்பு இருப்பவர்தான் மற்றவர் குரல் வந்து சேரும்படி வழி விட்டு வைக்கவேண்டும் என்கிறேன்.

#8 நடைபழகு

இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு அனுபவம்.

இதயம் நின்றுபோனவரை மீட்கும் பயிற்சி, பொம்மையை வைத்து. குழுவில் ஐந்து பேர், நான் மட்டும்தான் பிசியோ. உள்ளே போகும்போதே எனக்கு இங்கே வேலை இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். மருந்து என் துறை இல்லை, ஊசி என் துறை இல்லை. சுவரோரமாக நின்றேன்.

செவிலிய மாணவி மார்பை அழுத்த ஆரம்பித்தார். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஐந்து சென்டிமீட்டர் ஆழம், ஆறைத் தாண்டக் கூடாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும், இல்லாவிட்டால் ஆழம் குறைந்துவிடும். இதெல்லாம் எனக்கும் பாடம்தான், எல்லாத் துறைக்கும் பொதுவானதுதான். அவர் நாலாவது நிமிடத்திலும் அழுத்திக்கொண்டிருந்தார். தலைமை எடுத்த மருத்துவ மாணவர் மூச்சுப் பையைப் பிடித்திருந்தார், ஒரே நேரத்தில் மானிட்டரையும் பார்த்தார், மருந்தும் சொன்னார். ஆழம் குறைந்துகொண்டே போனது என் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. உடம்பின் அசைவைப் பார்ப்பதுதானே என் படிப்பு! அப்படியும் நான் அசையவில்லை.

பயிற்சி முடிந்ததும் அந்தக் காணொளியைப் போட்டுக் காட்டினார்கள். சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் என்னைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை.

இரண்டாவது சுற்றில் உள்ளே போனதும், "அழுத்தத்துக்கு அடுத்த ஆள் நான். நேரத்தையும் நானே சொல்கிறேன்" என்றேன். அதன்பிறகு எல்லாமே மாறியது. மூச்சுப் பையை ஃபார்மசி மாணவி வாங்கிக்கொண்டார். தலைவர் கையில் எதுவும் இல்லாமல் காலடிப் பக்கம் போய் நின்றார். அவர் எதையும் கையில் பிடிக்காமல் நின்ற பிறகுதான் முழுப் படமும் அவருக்குத் தெரிந்தது. கையொப்பம் அவர்களே, அன்று அவருடைய தலைமை குறையவில்லை, கூடியது. நாங்கள் மற்ற வேலைகளை எடுத்துக்கொண்டதால்தான் அவரால் தலைவராக நிற்க முடிந்தது.

#9 கையொப்பம்

நடைபழகு சொன்னது எனக்குப் புரிகிறது. வார்டில் நான் எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் இரவுகள்தான் அதிகம். அதைத்தான் பொறுப்பு என்று நினைத்திருந்தேன். யோசிக்கிறேன்.

#10 சொல்லோசை (பேச்சு சிகிச்சை, முதுநிலை)

எல்லோரும் பங்கை விரிப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கே நிறுத்துவது என்பதையும் பேசவேண்டும், ஏனென்றால் எனக்கு அது நடந்திருக்கிறது.

எங்கள் குழுவில் மிகவும் உதவும் மனம் கொண்ட ஒரு மாணவர் இருந்தார், வேறு துறை. விழுங்கும் பரிசோதனைக்கு நான் மறுநாள் போவதாக இருந்தேன். என் வேலையைக் குறைப்பதாக நினைத்து, முதல் நாள் மாலையே அவர் நோயாளிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துப் பார்த்திருக்கிறார். "இருமவே இல்லை, நன்றாக விழுங்கினார்" என்று சந்தோஷமாக எனக்குச் செய்தி அனுப்பினார். பக்கவாத நோயாளிகளில் சிலருக்குத் தண்ணீர் நுரையீரல் பக்கம் போனாலும் இருமலே வராது. அந்த அமைதிதான் எங்களை அதிகம் பயமுறுத்துவது. நல்ல வேளை, எதுவும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாற்காலியை நகர்த்துவது, நேரம் பார்ப்பது, குறிப்பெடுப்பது, கூட்டத்தை நடத்துவது, குடும்பத்தாரிடம் முதலில் பேசுவது, இதெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக் கூடிய பங்கு. பரிசோதனை, மருந்து, சிகிச்சை முடிவு, இவற்றுக்குப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். முதல் வகையில் எவ்வளவு வேண்டுமானாலும் வளையலாம். இரண்டாவதில் "இது எனக்குத் தெரியாது, உங்களைக் கூப்பிடுகிறேன்" என்பதுதான் வளைவது.

பேசத் தயங்குபவர்களுக்கும் ஒன்று. அமெரிக்காவில் 2006இல் வந்த டீம்ஸ்டெப்ஸ் என்ற பயிற்சியில் மூன்று படியாகச் சொல்லப் பழக்குகிறார்கள். முதலில் "எனக்குக் கவலையாக இருக்கிறது." கேட்கவில்லையா, "எனக்கு இது சரியாகப் படவில்லை." அப்போதும் கேட்கவில்லையா, "இது நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினை." மூன்றாவதைச் சொல்லிவிட்டால் எல்லோரும் கையை நிறுத்தவேண்டும் என்று குழு முன்பே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன், உண்மையாகவே. வாய்க்குப் பழகாத வாக்கியம் அவசரத்தில் வராது.

#11 வாசற்படி (சமூகப் பணி)

பத்துப் பதிவு படித்துவிட்டேன். அந்த மனிதர் எங்கே? அவர் வீட்டுக்குப் போகிறார் என்கிறீர்கள். யாரோடு போகிறார்? அந்தப் பொடியை வீட்டில் யார் கொடுப்பார்கள்? தண்ணீரை யார் கெட்டியாக்குவார்கள்?

முதல் பதிவில் நான்கு பேரிடம் நான்கு துண்டு என்றீர்கள், தோழி. குழுவில் உங்களைத் தவிர ஐந்து பேர். சமூகப் பணி மாணவர் என்ன சொன்னார்?

#12 மூன்றாம்ஆண்டு

வாசற்படி அக்கா, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குப் பதில் இல்லை. அவர் எதுவும் சொல்லவில்லை. அதைவிட, ஆசிரியர் பேசிய பிறகும் நாங்கள் யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

இன்று காலை அவரைத் தேடிப் போய்க் கேட்டேன். நோயாளியின் மனைவியோடு அவர் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். அந்த அம்மாவுக்குக் கண்ணில் புரை, மாத்திரை அட்டையில் இருப்பதைப் படிக்க முடியாது, நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான் பிரித்து எடுக்கிறாராம். நாங்கள் எழுதிய திட்டத்தில் ஏழு மருந்து, நாலு வேளை. "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்கள் மருந்து பேசிக்கொண்டிருந்தீர்கள், இது குடும்ப விஷயம், பிற்பகுதியில் வரும் என்று காத்திருந்தேன். அதற்குள் முடிந்துவிட்டது" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இதை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். மருந்தை வேளைவாரியாகப் பிரித்து வைக்கும் பெட்டிக்கும், எத்தனை மருந்தைக் குறைக்க முடியும் என்று பார்ப்பதற்கும் ஃபார்மசி பிரிவில் ஏற்பாடு செய்கிறார்கள். நோயாளி இன்னும் வார்டில்தான் இருக்கிறார்.

#13 மாத்திரைப்பெட்டி

நல்ல வேலை செய்தீர்கள்.

பழையவார்டு சார், உங்களிடம் ஒரு கேள்வி. எங்கள் மதிப்பெண் தாளில் "தலைமைப் பண்பு" என்று ஒரு கட்டம் இருக்கிறது, "இடம் விட்டது" என்று ஒரு கட்டமும் இல்லை. மார்க்கரைப் பிடித்தவருக்கு மதிப்பெண் போகும்போது எவர் கீழே வைப்பார்?

#14 பழையவார்டு

நியாயமான கேள்வி. நான் தனிநபர் தலைமைக்கு மதிப்பெண் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதித் தரவேண்டும்: "இன்று இன்னொரு துறையிலிருந்து கேட்ட எந்தத் தகவல் என் முடிவை மாற்றியது?" அதற்குத்தான் மதிப்பெண். முதல் வாரம் வெற்றுப் புகழ்ச்சியாக எழுதுவார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார்கள்.

இன்னொன்று. சுவீடனில் லிங்ஷோப்பிங் நகரத்தில் 1996இலேயே மாணவர்களுக்கென்று ஒரு பல துறைப் பயிற்சி வார்டு தொடங்கினார்கள். மேற்பார்வையோடு மாணவர் குழுவே அந்த வார்டை நடத்தும். மருத்துவ மாணவர் உட்பட எல்லோரும் நோயாளியைக் குளிப்பாட்டுவது, எழுப்பி உட்கார வைப்பது போன்ற அடிப்படைப் பராமரிப்பில் கைகொடுப்பார்கள். கேட்டால் சில மருத்துவ மாணவர்கள் முகம் சுளிப்பார்கள், "எங்கள் படிப்பு இதற்கா?" என்று. என் அனுபவத்தில், ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைக்கும்போது தெரியவருவது எந்தக் கேஸ் தாளிலும் இருக்காது. எந்தக் கை வலிக்கிறது, எதற்குப் பயப்படுகிறார், யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

#15 மூன்றாம்ஆண்டு

மூன்று வாரம் ஆகிவிட்டது. நேற்று இரண்டாவது நோயாளி. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சர்க்கரை நோயாளி, காலில் ஆறாத புண், புதிதாக இன்சுலின் தொடங்கியிருக்கிறார்கள், தனியாக வசிப்பவர். கூட்டத்துக்கு முன்பே ஆறு பேரும் கால் மணி நேரம் சந்தித்து, அவரவர் படிப்பில் என்ன செய்யக் கற்றிருக்கிறோம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிக்கொண்டோம். பேச்சு சிகிச்சை மாணவி, "இந்த நோயாளிக்கு என் துறை தேவையில்லை. அதனால் நான் நேரமும் குறிப்பும் பார்த்துக்கொள்கிறேன்" என்று தானே எடுத்துக்கொண்டாள். செவிலிய மாணவர் பேனாவே கொண்டுவரவில்லை. பார்த்ததும் எனக்கு இரவுப்பணி அக்கா நினைவுதான் வந்தது.

முதல் பத்து நிமிடம் பார்த்ததை மட்டும் சொன்னோம். நான் கடைசி. புண்ணுக்கு எந்தக் கிருமிக்கொல்லி, ஏன், எல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. சமூகப் பணி மாணவர்தான் ஆரம்பித்தார். நோயாளி தன் வேலையில் நின்றுகொண்டே இருக்கவேண்டும், விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும் என்று பயந்து, புண்ணை மறைத்துச் செருப்பை இறுக்கிப் போட்டுக்கொண்டு போகிறாராம். பிசியோ மாணவர் உடனே காலின் எந்த இடத்தில் எடை விழுகிறது என்று வரைந்து காட்டினார். புண் சரியாக அங்கேதான் இருக்கிறது. நான் மனதில் தயாராக வைத்திருந்த திட்டத்தில் காலுக்கு ஓய்வு என்று ஒரே வரிதான் இருந்தது, அந்த ஒரு வரியை அவர் எப்படிக் கடைப்பிடிப்பார் என்று நான் யோசிக்கவே இல்லை.

அதன்பிறகு செவிலிய மாணவர் கூட்டத்தை நடத்தினார். இன்சுலின் பேச்சு வந்ததும் ஃபார்மசி மாணவர் நடத்தினார். கிருமிக்கொல்லி பற்றி முடிவெடுக்கும்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் தெளிவாகச் சொன்னேன், தயங்கவில்லை. கையொப்பம் அண்ணா, நீங்கள் பயந்தது நடக்கவில்லை. நாற்பத்தாறு நிமிடம் ஆனது, ஆறு நிமிடம் அதிகம். அதற்கு மதிப்பெண் குறைத்தார்கள்.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. பிசியோ மாணவர் வரைந்து காட்டியதோடு சரி, மற்ற நேரமெல்லாம் கேட்டால்தான் பேசுகிறார். போன தடவை அழுத்தம் இறங்கியதைத் தானே சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும் என்று இன்னமும் மனதில் வைத்திருக்கிறார் போல. எல்லோர் முன்னாலும் கேட்டால் இன்னும் சுருங்கிவிடுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

#16 நடைபழகு

எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். சுவரோரம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். அடுத்த நோயாளியைப் பார்க்க வார்டுக்குப் போகும்போது அவரோடு சேர்ந்து போங்கள். அவர் நிற்க வைக்கும்போது நீங்கள் இன்னொரு பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். என்ன பார்க்கிறார் என்று அங்கேயே கேளுங்கள்.

#17 மூன்றாம்ஆண்டு

வெள்ளிக்கிழமை காலை போகிறோம். இப்போதுதான் அவரிடம் கேட்டேன். "எட்டரைக்கு வாருங்கள், அதற்கு முன் நோயாளிகள் தூங்குவார்கள்" என்றார்.